பாடமும் ஊகமும்: செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு பதிப்பறம்

புறநானூற்றின் 267, 268 ஆம் எண்களுக்குரிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 1894 இல் உ.வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றிய பின்னர் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. அவ்விரண்டு எண்களும் இன்றும் வெற்றிடங்களாகவே நிற்கின்றன. பின்வரும் பாடல்களை முன்னே இழுத்து இடைவெளியை மறைக்கும் எண்ணம் பதிப்பாசிரியர்களுக்கு எழவில்லை. அடி சிதைந்த இடங்களில் புள்ளியிட்டார்கள். பாடியவர் பெயர் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதினார்கள். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும், ஐங்குறுநூற்றின் 129, 130 ஆம் பாடல்களும் இவ்வாறே இன்மையாகவே நம் கைக்கு வந்துள்ளன. இன்மையை இன்மையென்று காட்டுவது தமிழ்ப் பதிப்புலகம் தன்மீது தானே விதித்துக்கொண்ட ஒழுக்கம்.

இன்று பரவலாகப் புழங்கும் உரையாடு செயலிகளிடம் அவ்விரண்டு புறப்பாடல்களையும் கேட்டுப் பார்க்குமாறு இவ்விதழின் வாசகர்களை வேண்டுகிறேன். கிடைக்கவில்லை என்று சரியாகவே சில கூறக்கூடும். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் ஆகிய அனைத்தும் அமைந்த பாடலொன்றைச் சில யாத்துத் தரவும் கூடும். ஒரே செயலி காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொல்லலாம். பிழையான விடை வருவதைக் காட்டிலும், சரியான விடையும் பிழையான விடையும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடு, ஒரே எழுத்துருவில் வருவதே என் கவலை. பாடத்தையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டும் குறி எதுவும் அங்கில்லை.

செயற்கை நுண்ணறிவை மனிதத் தேவைகளையும் அற விழுமியங்களையும் மையமாகக் கொண்டு வடிவமைக்க வேண்டும் என்ற குரல் உலகெங்கும் ஒலிக்கிறது. அந்தக் குரலில் தமிழாய்வாளர் சேர்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு என்பதும், அச்சொல் நம் பதிப்பு மரபிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பொதுமையின் போதாமை

மனிதரை மையப்படுத்தும் வடிவமைப்பு என்னும் கருத்து புதியதன்று. கணினி அமைப்புகளுக்கான அத்தகைய வடிவமைப்பு நெறியைப் பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம் 1999 இலேயே ஒரு தர ஆவணமாக வெளியிட்டது; 2010 இல் அது விரிவாக்கப்பட்டது. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் செயற்கை நுண்ணறிவின் அறம் குறித்த பரிந்துரையை ஏற்றன. அதற்கு ஓராண்டு முன்பே, 2020 இல், தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். பொதுப் பயன்பாட்டுக்கு வரும் ஒரு செயலியைப் பன்மைத்தன்மை, சமத்துவம், அறம், அந்தரங்கப் பாதுகாப்பு முதலிய கூறுகளின் அடிப்படையில் மதிப்பெண் இட்டுச் சோதிக்கும் முறையொன்றை அக்கொள்கை முன்வைத்தது.

இவ்வாவணங்களை மறுப்பதற்கில்லை. எனினும் அவற்றில் வரும் 'மனிதர்' யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புவர். ஆனால் சுவடிப் பதிப்பாளருக்கு வேண்டும் வெளிப்படைத்தன்மையும், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மூதாட்டிக்கு வேண்டும் வெளிப்படைத்தன்மையும் ஒன்றல்ல. தேவை இன்னதென்று குறித்துச் சொல்லாத வரையில் மையம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. தேவையைக் குறித்துச் சொல்லும் பொறுப்பு துறை அறிந்தவர்களுடையது. பொறியாளர் அதை ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டுப் பின்னர் அவரைக் குறைகூறுவது நமக்கு எளிது, நியாயமன்று.

வழிநூல் வகைகளும் இயந்திரமும்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி எனப் பகுத்து, வழிநூலை நால்வகைப்படுத்துகிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். பெருமொழி மாதிரிகளிடம் இன்று நாம் வேண்டும் பணிகளை எண்ணிப் பார்த்தால் அவை ஏறத்தாழ இந்நான்கினுள் அடங்கிவிடுவதைக் காணலாம். நீண்டதைச் சுருக்கச் சொல்கிறோம். சுருங்கியதை விளக்கச் சொல்கிறோம். சிலவற்றைச் சுருக்கிச் சிலவற்றை விரிக்கச் சொல்கிறோம். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்க்கச் சொல்கிறோம். இயந்திரம் தருவது வழிநூல். தொல்காப்பியருக்கு இயந்திரம் தெரிந்திருந்தது என்று வாதிடும் கூட்டத்தில் நான் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் கடன்கொள்வது பாகுபாட்டின் கூர்மையை மட்டுமே.

வழிநூல் என்றால் அதற்கொரு முதல்நூல் இருந்தாக வேண்டும். சுருக்கமாயினும் விரிவுரையாயினும் இன்னதன் வழி என்று சொல்ல இயல வேண்டும். அதே மரபியல் நூலுக்குரிய சிதைவுகளை எண்ணுமிடத்தில், ஆசிரியன் தானாகவே ஒரு பொருளைக் கருதிக்கொண்டு கூறுதலையும் குற்றமாகச் சேர்க்கிறது. கணினித் துறையினர் இதனை 'மாயத்தோற்றம்' என்னும் பொருள்பட வழங்கும் சொல்லால் குறிக்கின்றனர். அச்சொல் எனக்கு உடன்பாடன்று. மாயத்தோற்றம் நோயுற்ற புலனுக்கு நேர்வது, அது விலக்கு. இயந்திரம் இல்லாத பாடலை இயற்றுவதோ அதன் இயல்பான தொழில்.

அத்தொழில் நடக்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். 2017 இல் அறிமுகமான டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கட்டமைப்பின் மேல் எழுந்தவையே இன்றைய பெருமொழி மாதிரிகள். பேரளவு எழுத்துத் தொகுதியைக் கொண்டு, ஒரு தொடரில் அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று கணிக்க மாதிரி பயிற்றப்படுகிறது. பின்னர், மனித மதிப்பீட்டாளர்கள் விரும்பிய விடைகளை நோக்கி அது சாய்க்கப்படுகிறது. முதற்கட்டத்தில் பாடல்களின் வாய்பாடு படிகிறதே தவிர, எந்த எண்ணுக்கு எந்தப் பாடல் என்னும் அட்டவணை அப்படியே உள்ளே வைக்கப்படுவதில்லை. இரண்டாம் கட்டத்தில் தயங்கும் விடையைக் காட்டிலும் சரளமான விடையே மதிப்பீட்டாளரின் மனத்தை எளிதில் கவரும். மேற்கோளின் மூலத்தைத் திருப்பிப் பார்க்கும் தமிழறிவும் பொழுதும் எல்லா மதிப்பீட்டாளருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே 'அறியேன்' என்னும் விடை தானாக வளர்வதில்லை. அதை யாரேனும் வேண்டிக் கேட்டு, பயிற்சியிலேயே அதற்கு மதிப்பளித்தால்தான் வளரும்.

உள்ளே இருக்கும் பிரதிபேதம்

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபட்டுத் தோன்றா. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. இத்தகைய ஓர் அடியைப் படிப்பவர் நொடிதோறும் தெரிவுகளைச் செய்கிறார். ஒவ்வொரு தெரிவும் ஓர் ஊகம். 1887 இல் சி.வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் உ.வே.சா.வின் சீவகசிந்தாமணியும் வெளிவந்த காலந்தொட்டு வளர்ந்த பதிப்பு நெறி, இவ்வூகங்களை மறைக்காமல் இருக்கக் கற்றது. ஒரு பாடத்தை மேலே வைத்து, ஏனைய ஏடுகளில் கண்டவற்றைப் 'பிரதிபேதம்' என்று அடியில் வைத்தது. மேலே வைத்தது பதிப்பாசிரியரின் தீர்ப்பு. அடியில் வைத்தது அத்தீர்ப்பை மறுக்கும் உரிமையை வாசகருக்கு அளித்த ஏற்பாடு. நற்றிணை 234 ஆம் பாடல் கிடைக்காத நிலையில், இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக வரும் ஒரு பாடலே அது ஆகலாம் என்றொரு கருத்து எழுந்தது. கருத்து என்ற பெயரோடுதான் அது இன்றும் வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924–1936) இந்நெறியில் வந்ததே: பொருள் தந்து, அப்பொருள் பயின்ற நூலையும் இடத்தையும் பக்கத்திலேயே குறித்தது, நம்பாதவர் போய்ப் பார்க்கலாம்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அடுத்த துண்டு எது என்று கணிக்கும் ஒவ்வொரு முறையும் மாதிரி ஒரே விடையைக் காண்பதில்லை. தனக்குத் தெரிந்த துண்டுகள் அனைத்துக்கும் ஒரு நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டுத் திரையில் தோன்றுகிறது, மற்றவை மறைந்துவிடுகின்றன. வேறு வகையாகச் சொன்னால், பிரதிபேதம் இயந்திரத்தின் உள்ளே இருக்கிறது. அடிக்குறிப்பு மட்டும் அச்சாவதில்லை. அச்சாக வேண்டாம் என்பது இயற்கையின் விதியன்று. வடிவமைப்பாளர் எடுத்த முடிவு.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். அது வலுவான தடை. மாதிரியின் நிகழ்தகவு அடுத்துவரும் துண்டைப் பற்றியது. கூற்றின் உண்மையைப் பற்றியதன்று. பலரும் திரும்பத் திரும்ப எழுதிய பிழையை அது மிக உறுதியோடு சொல்லும். ஆகவே அந்த எண்ணை அப்படியே அச்சிட்டால் வாசகர் மேலும் ஏமாறுவார். இது சரி. பல ஏடுகள் ஒத்துக் காட்டும் பாடமே மூலபாடம் என்று பதிப்பாசிரியரும் கொள்வதில்லை. ஒரே தாய் ஏட்டிலிருந்து படியெடுத்த பத்து ஏடுகள் ஒரு சாட்சிக்கே சமம். இணையத்தில் ஒன்றையொன்று படியெடுத்த நூறு பக்கங்களின் நிலையும் அதுவே. எனவே நாம் கேட்க வேண்டியது வெறும் உறுதிநிலை எண்ணன்று. இக்கூற்று எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படாமல் மாதிரியால் இணைக்கப்பட்டது என்ற பிரிப்பையே கேட்க வேண்டும். மூலநூலைத் தேடி எடுத்து அதனைச் சார்ந்து விடை சொல்லும் முறைகள் இன்று வழக்கில் உள்ளன. ஆயினும் எடுத்த பகுதியையும் தொடுத்த பகுதியையும் ஒரே நீரோட்டமாகக் கலந்து தரும் போக்கு அவற்றிலும் நீங்கவில்லை.

சங்க இலக்கியத்தைப் பொறுத்தவரை இது கைகூடாத கனவும் அன்று. மரபான கணக்கின்படி பாட்டும் தொகையும் சேர்ந்து 2381 பாடல்கள். எல்லை வரையறுத்த தொகுதி அது. 1998 முதல் மதுரைத் திட்டமும், பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் திறந்து வைத்துள்ளன. ஒரு செயலி, சங்கப் பாடல் என்று தான் தரவிருக்கும் அடியை இத்தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, காணப்படாவிடின் மேற்கோள்குறியை நீக்கிவிட முடியும். கணினிக்கு அது நொடிப்பொழுது வேலை. இந்த எளிய சோதனை எல்லாச் செயலிகளிலும் இயல்பாக அமையாததற்குக் காரணம் இயலாமை என்று என்னால் கொள்ள முடியவில்லை. அதைக் கேட்டவர் இல்லை.

கேளாதிருப்பதன் விலை மாணவர் ஓர் ஆய்வேட்டில் பொய்ம்மேற்கோள் இட்டு அகப்பட்டுக்கொள்வதோடு முடிவதில்லை. போலி அடி ஒரு வலைப்பக்கத்தில் ஏறும். அப்பக்கம் அடுத்த மாதிரிக்குப் பயிற்சித் தரவாகும். அடுத்த மாதிரி அதே அடியை மேலும் உறுதியோடு சொல்லும். ஆங்கில இலக்கியத்தில் இத்தகைய கலப்பு நேர்ந்தால் அதை அமிழ்த்திவிடும் அளவுக்கு மெய்ப்பாடம் மின்வெளியில் மிகுதியாக உள்ளது. தமிழின் நிலை அதுவன்று. இடைச்செருகலை நீக்கப் பல ஆண்டுகள் உழைத்த துறை நம்முடையது. இடைச்செருகலை உற்பத்தி செய்யும் ஆலை அருகில் அமைவதை வாளாவிருந்து பார்ப்பதற்கில்லை.

இல்லாதவற்றின் பட்டியல்

தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய ஒரு பணியை இங்கே முன்மொழிகிறேன். மாதிரிகளின் தமிழறிவைச் சோதிக்க இன்று உருவாக்கப்படும் வினாத்தொகுதிகள் பெரும்பாலும் இருப்பவற்றைக் கேட்கின்றன: இந்நூலின் ஆசிரியர் யார், இச்சொல்லின் பொருள் யாது என்பன போல. இவற்றுக்கு விடை தெரிந்த மாதிரி நம்பத்தக்கது என்று முடிவுகட்டப்படுகிறது. நமக்கு வேண்டுவது இல்லாதவற்றைக் கேட்கும் வினாத்தொகுதி. இழந்த நூல்களைப் பற்றிய அறிவு தமிழாய்வில் தேர்ந்த அறிவு. வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாகவே எஞ்சியுள்ளன. தகடூர் யாத்திரையைப் பிற நூல்களில் மேற்கோளாக வந்த பாடல்களைக் கொண்டே அறிகிறோம். முத்தொள்ளாயிரத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. உரையாசிரியர்கள் பெயர் மட்டும் குறித்துச் சென்ற நூல்கள் பல. இவற்றின் கிடைக்காத பகுதிகளைக் கேட்டு, மாதிரி எங்கே நிற்கிறது, எங்கே இயற்றத் தொடங்குகிறது என்று அளக்கலாம். பெயர் மட்டும் தெரிந்த நூல், சில பாடல் மட்டும் கிடைத்த நூல், எண் மட்டும் எஞ்சிய பாடல் என இன்மையிலும் படிநிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தகுந்த விடை வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து வினா எழுதப் பொறியியல் கல்லூரியால் இயலாது. முதுகலை மாணவர் நால்வரும் வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரும் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

ஏட்டில் இல்லாத வாசகர்

பதிப்பு நெறியை முன்வைக்கும்போது நான் அறிஞரை மட்டுமே மனத்தில் கொண்டுள்ளேன் என்ற ஐயம் எழலாம். அடிக்குறிப்பு எல்லாருக்கும் உதவாது. முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது என்று குரல்வழிச் செயலியிடம் கேட்கும் மூதாட்டியைக் கருதுவோம். அவருக்கு மூலங்களின் பட்டியல் வேண்டாம். தனக்குத் தெரியாததை இயந்திரம் தெரிந்தது போல் சொல்லாதிருக்க வேண்டும். தெரியாதபோது கிராம நிர்வாக அலுவலரிடமோ, சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்கும்படி ஆற்றுப்படுத்த வேண்டும். ஊகத்தைப் பாடம் என்று நம்பி அவர் இருமுறை பேருந்தேறி வீணே திரும்பினால், அந்த இழப்பு ஆய்வேட்டுப் பிழையினும் கொடிது. அறம் ஒன்றே, அது புலப்படும் வடிவம் வாசகருக்கேற்ப மாறும்.

அவரிடம் இயந்திரம் எந்தத் தமிழில் பேச வேண்டும் என்பதும் எளிய வினாவன்று. எழுத்துத் தமிழில் பயின்ற செயலி 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்னும். அது அவருக்கு அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பாகவே கேட்கும். பேச்சுத்தமிழில் பேசட்டும் எனில் எவ்வட்டாரப் பேச்சு? விளவங்கோட்டுத் தமிழும் கும்பகோணத்துத் தமிழும் ஒன்றல்ல. அதைவிட ஆழமான சிக்கல் மரியாதைச் சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தின் ஒரு படர்க்கைப் பெயரைத் தமிழாக்கும்போது அவன், அவர் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நம் சமூகம் அந்தத் தேர்வை வயதால் மட்டும் செய்ததில்லை. சாதியாலும் தொழிலாலும் பாலாலும் செய்தது. நரைத்த தலையையும் 'வா' என்று ஒருமையில் விளித்தது. பழைய நாவல்களிலும் செய்தித்தாள்களிலும் அவ்வழக்குப் பதிந்துள்ளது. அவற்றில் பயிலும் இயந்திரம் அதைத் தமிழின் இயல்பு என்றே கற்கும். மருத்துவரை 'அவர்' என்றும் துப்புரவுப் பணியாளரை 'அவன்' என்றும் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி ஆக்குமானால், அதில் இலக்கணப் பிழை எதுவும் இராது. பிழை இல்லாத அநீதி அது. ஆங்கிலச் சூழலில் எழுந்த பக்கச்சார்புச் சோதனைகளுக்கு இது புலப்படாது. அம்மொழியில் இவ்வேறுபாடே இல்லையே.

இயந்திரம் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்வதைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியர் தன்மை வினையை உயர்திணையில் வைத்தார். நன்னூலார் அதை இருதிணைக்கும் பொதுவாக்கினார். அஃறிணைப் பொருள் தன்னைப் பற்றிப் பேசும் இடம் அக்காலத்தில் கதையிலும் கற்பனையிலும் மட்டுமே இருந்தது. இன்று 'நான் கருதுகிறேன்' என்று இயந்திரம் சொல்லும்போது, கருதுதற்குரிய ஒருவர் அப்பால் இருப்பதாகக் கேட்பவர் கொள்கிறார். 1966 இல் எலைசா என்னும் எளிய உரையாடு நிரலை எழுதிய ஜோசப் வைசன்பாம், மக்கள் அதனிடம் மனம் திறந்ததைக் கண்டு கலங்கினார். 'நூல்களில் இவ்வாறு காணப்படுகிறது' என்று தமிழின் படர்க்கை வாய்பாட்டில் பேசும்படி செயலியை அமைக்க முடியும். சிறு மாற்றம்தான், விளைவு சிறிதன்று.

செலவுக் கணக்கும் அறத்தின் பாற்பட்டதே. 'அம்மா' என்னும் சொல்லில் தமிழருக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறியீடு. இணையத்தில் பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். மாதிரிகள் எழுத்தை நேரே படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. வெட்டும் கத்தி ஆங்கிலத்துக்கென்று தீட்டப்பட்டதாகையால் தமிழ்ச்சொல் நொறுங்கிப் பல துண்டாகிறது. கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய மாதிரியை அறிவித்தபோது தந்த எடுத்துக்காட்டில், ஒரே செய்தி தமிழில் 116 துண்டுகளிலிருந்து 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் 27 இலிருந்து 24. முன்னேற்றம்தான். அதுவரை தமிழர் நான்கு மடங்குக்கு மேல் இறுத்து வந்தனர் என்பதற்கும் அதுவே சான்று. கத்தியை மாற்றியதும் சுமை குறைந்ததே; அப்படியாயின் சுமை மொழியின் இயல்பால் வந்ததன்று.

ஏடு தந்தவர் பெயர்

பதிப்பறத்தின் ஒரு பாதியை இதுவரை பேசினேன். மறுபாதி முகவுரைகளில் உள்ளது. உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரைகளில், எந்த ஊரில் யார் தந்த ஏடு என்று பெயர் பெயராகக் குறித்தார். மடங்களும் கவிராயர் வீடுகளும் அப்பட்டியலில் உண்டு. பெருமொழி மாதிரிகளுக்கு இத்தகைய முகவுரை இல்லை. எவருடைய எழுத்தில் பயின்றோம் என்பதைப் பல நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை.

அச்சான எழுத்துக்கு நம் மாநிலம் முன்னரே ஒரு வழி கண்டுள்ளது. பாரதியின் படைப்புகளில் தொடங்கி எழுத்தாளர் பலரின் நூல்களை நாட்டுடைமையாக்கி, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கும் ஏற்பாடு அது. அதன் தேர்வுமுறையைப் பற்றிக் குறைகள் கூறலாம். ஆயினும் எழுத்து பொதுவுடைமை ஆகலாம், எழுதியவர் குடும்பம் வெறுங்கையோடு போகக்கூடாது என்னும் இரண்டையும் அது ஒருங்கே ஏற்றது. இயந்திரப் பயிற்சிக்குத் தமிழ்த் தரவு வழங்குவதைப் பற்றி அரசு சிந்திக்குமானால், வெளிநாட்டு உரிமச் சட்டகங்களைத் தேடுமுன் இதைப் பார்க்கலாம்.

வாய்மொழிக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. நாட்டார் வழக்காற்றியல் தமிழ்நாட்டுக் கல்விப்புலத்தில் வேரூன்றியது முதல் ஒப்பாரி, தாலாட்டு, நடவுப்பாட்டு, கதைப்பாடல் எனத் துறைகள்தோறும் ஒலிநாடாக்கள் குவிந்துள்ளன. ஒலியறிச் செயலிகளுக்கு வட்டாரப் பேச்சு வேண்டும் என்று சற்றுமுன் நானே எழுதினேன். அப்பேச்சின் ஒப்பற்ற கருவூலம் அந்நாடாக்களே. மின்மயமாக்கித் தந்தால் நிதியுதவி என்று யாரேனும் கேட்டு வரும் நாள் தொலைவில் இல்லை. பாடிய பெண்கள் தம் முற்றத்தில் வந்தமர்ந்த ஒரு மாணவருக்காகப் பாடினார்கள். கணவனை இழந்தவர் பாடிய ஒப்பாரி, இயந்திரமொன்று அழுகுரலைப் போலச் செய்யக் கற்கும் பாடமாகும் என்பது பாடியவருக்கும் தெரியாது; பதிந்தவருக்கும் தெரியாது. அவருள் பலர் இன்றில்லை. பிள்ளைகளும் பேரர்களும் அதே ஊர்களில் இருக்கக்கூடும். கள ஆய்வுக் குறிப்பேடுகளில் தகவலாளியின் பெயர், வயது, ஊர் ஆகியவை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். நாடாவை எவருக்கேனும் கையளிக்கும் முன்னர் அக்குறிப்பேட்டைத் திறந்து, அவ்வூருக்குச் சென்று, என்ன செய்யப் போகிறோம் என்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நாடா பெட்டியிலேயே இருக்கட்டும்.